சொன்னதைச் செய்தலும் அறிவுடைமையும்: செவிலியர் வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் உணவைப் பற்றிய குறள்களோடு நின்றுவிடுகிறார்கள். அளவறிந்து உண்பதைப் பற்றியும் நோயின் முதலை நாடுவதைப் பற்றியும் மேடைகளில் நிறையவே கேட்டிருக்கிறோம். அதிகாரத்தின் இறுதிக் குறளான 950-ஆம் குறள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. மருத்துவம் என்பது நான்கு கூறுகளைக் கொண்டது என்று வள்ளுவர் அதில் வரையறுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் யாரும் எளிதில் சொல்லக்கூடியவை. நான்காவதாக அவர் சொல்வது ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தையும் பராமரிப்பையும் தருபவரை இச்சொல் குறிக்கிறது. சரக சம்ஹிதையிலும் மருத்துவத்தின் நான்கு பாதங்களுள் ஒன்றாக இப்பணியாளர் சொல்லப்படுகிறார். ஆக, இந்த நாட்டின் பழைய மருத்துவச் சிந்தனையில் செவிலியம் மருத்துவத்திற்குத் துணைப்பொருள் அன்று. அதன் நான்கில் ஒரு பங்கு.

பரிமேலழகர் இக்குறளுக்கு உரையெழுதும்போது ஒவ்வொரு கூறுக்கும் நான்கு இலக்கணங்களை வகுத்துத் தருகிறார். பக்கத்திலிருந்து பணி செய்பவருக்கு அவர் கூறும் நான்கு இவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் ஆகியவற்றில் தூய்மை, சொல்லப்பட்டதைச் சொன்னபடியே செய்யும் வன்மை, அறிவுடைமை. முதல் இரண்டில் சிக்கல் ஏதுமில்லை. மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. சொல்லப்பட்டது தவறாக இருந்தால் அறிவுடையவர் என்ன செய்வது? சொன்னபடி செய்வதும் அறிந்து செய்வதும் எப்போதும் ஒன்றாகவே இருக்குமா? உரையாசிரியர் அக்கேள்விக்குள் செல்லவில்லை. ஆனால் கடந்த நூற்றெழுபது ஆண்டுகளின் செவிலியர் வரலாற்றைப் படிக்கும்போது, அது முழுவதும் இந்த இரண்டு இலக்கணங்களுக்கும் இடையே நடந்த வழக்காகவே எனக்குத் தோன்றுகிறது. அன்பையும் தூய்மையையும் உலகம் செவிலியருக்குத் தாராளமாக வழங்கிவிட்டது. கீழ்ப்படிதலைக் கட்டாயமாக்கியது. அறிவையும், அறிவின் விளைவாக வரவேண்டிய அதிகாரத்தையும் மட்டும் அவர்கள் ஒவ்வொரு படியாகப் போராடிப் பெற வேண்டியிருந்தது.

*

சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழகத்தின் அரசு ஆவணங்களில் இன்று ‘செவிலியர்’ என்று எழுதுகிறோம். ஈழத்திலும் மலேசியா, சிங்கப்பூரிலும் ‘தாதியர்’ என்பதே வழக்கு. பேச்சில் ‘நர்ஸ்’ அல்லது ‘சிஸ்டர்’. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய நினைவு உண்டு.

சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். அவள் மகளே தோழி. தலைவி உடன்போக்கில் சென்ற பிறகு பாலை வழியில் தேடிச் செல்பவள் செவிலி. மணமான மகளின் வீட்டுக்குச் சென்று அவள் நன்றாக இருக்கிறாள் என்று நற்றாய்க்கு வந்து சொல்பவளும் அவளே. தொல்காப்பியர் களவியலில் செவிலியைப் பற்றிச் சொல்வது கவனிக்கத்தக்கது. அரிய மறைபொருள்களைச் சொல்லுதற்கு உரியவளாக இருப்பதால் தாய் என்று சிறப்பித்துச் சொல்லப்படுபவள் செவிலியே என்பது அந்நூற்பாவின் கருத்து. பெற்ற தாய்க்கு இல்லாத ஒரு நிலை செவிலிக்குக் கிடைப்பது அவள் பாலூட்டியதால் மட்டும் அன்று; அவளுக்குத் தெரிந்திருப்பதால். இருபதாம் நூற்றாண்டில் ‘நர்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடியவர்கள் இந்த நூற்பாவை நினைத்திருந்தார்களோ இல்லையோ, கிடைத்த சொல் பொருத்தமானதே.

‘தாதி’ என்ற சொல் வேறு திசையில் செல்கிறது. வளர்ப்புத்தாய் என்ற பொருளோடு பணிப்பெண் என்ற பொருளும் அதற்குப் பழைய நூல்களில் உண்டு. ‘சிஸ்டர்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. கிறித்தவத் துறவியர் நோயாளிகளைப் பேணியதால் வந்த பெயர் அது என்பது பலரும் அறிந்தது. ஆனால் ஆங்கிலேய மருத்துவமனைகளில் எல்லாச் செவிலியரையும் சிஸ்டர் என்று அழைப்பதில்லை; ஒரு வார்டின் பொறுப்பை ஏற்றிருப்பவரின் பதவிப் பெயர் அது. நம் ஊருக்கு வந்தபோது பதவி உதிர்ந்துவிட்டது, உறவு மட்டும் தங்கிவிட்டது. ஒரு தலைமைப் பதவியின் பெயரை வைத்துக்கொண்டே நாம் அவர்களைத் தங்கை, அக்காள் என்ற முறையில் அழைத்துவருகிறோம்.

நோயாளியைப் பேணுவது நெடுங்காலம் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தது. புறநானூற்றின் 281-ஆம் பாடலில் அரிசில்கிழார், போரில் புண்பட்டவனைக் காக்கும் பெண்களைக் காட்டுகிறார். வீட்டில் வேப்பிலை செருகுவது, ஐயவி புகைப்பது, மணி ஒலிப்பது, காஞ்சிப்பண் பாடுவது என்று அப்பேணுதலுக்கு ஒரு முறைமையே அங்கு இருக்கிறது. வீட்டுக்கு வெளியே அறிவும் கைத்திறனும் கொண்டிருந்தவர் மருத்துவச்சி. தமிழகத்தின் பெரும்பகுதியில் நாவிதர் சமூகப் பெண்களே தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தனர். ஓர் ஊரின் பாதிப்பேரை உலகுக்குக் கொண்டுவந்த கைகள் அவர்களுடையவை. பிரசவ அறைக்குள் அவர்கள் சொன்னதே சட்டம். அறையைவிட்டு வெளியே வந்ததும் அவர்கள் தீட்டுக்குரியவர்கள், படி நெல்லுக்குக் காத்திருப்பவர்கள். அறிவு இருந்தும் நிலை இல்லாமற் போவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. பிற்காலத்தில் மருத்துவமனைச் செவிலியர் மீது படிந்த இழிவின் ஒரு பகுதி இங்கிருந்தே வந்தது. பிறர் உடலைத் தொடுவது, குருதியையும் மலத்தையும் துடைப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வலுவாக இருந்தது.

*

ஐரோப்பாவிலும் நிலைமை மேன்மையானதாக இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44-இல் எழுதிய ‘மார்ட்டின் சஸல்விட்’ நாவலில் வரும் சேரி கேம்ப் என்ற பாத்திரம், குடித்துவிட்டு நோயாளியின் தலையணையைப் பறித்துக்கொள்ளும் கூலிச் செவிலி. நகைச்சுவைக்காக வரைந்த சித்திரம்தான். ஆனால் வாசகர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். இந்தச் சூழலில்தான் வசதியான குடும்பத்தில் 1820-இல் பிறந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல், வீட்டாரின் எதிர்ப்பை மீறிச் செவிலியராக விரும்பினார். ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 1851-இல் பயிற்சி பெற்றார். 1854-இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களுடன் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார்.

விளக்கேந்திய மங்கை என்ற படிமம் நம் பள்ளிப் பாடநூல்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. அந்த விளக்கின் வெளிச்சத்தில் மறைந்துபோன இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, ஸ்குட்டாரியில் இறங்கியபோது இராணுவ மருத்துவர்கள் அவரையும் அவர் அழைத்து வந்த பெண்களையும் வரவேற்கவில்லை. நைட்டிங்கேல் சண்டையிடவில்லை. மருத்துவர்கள் கேட்கும்வரை தம் செவிலியர் எவரும் வார்டுக்குள் நுழையக்கூடாது என்று தடுத்து வைத்தார். காயம்பட்டவர்கள் குவியத் தொடங்கியதும் மருத்துவர்களே அழைத்தார்கள். கீழ்ப்படிதலை ஓர் உத்தியாகப் பயன்படுத்திய நிகழ்வு இது. உத்தி வென்றது. ஆனால் மருத்துவர் அழைத்தால்தான் செவிலியர் அசையலாம் என்ற விதியும் அதோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. இதன் விலையை அடுத்த நூறாண்டுச் செவிலியர்கள் கொடுத்தார்கள்.

இரண்டாவது செய்தி எண்களைப் பற்றியது. ஸ்குட்டாரியில் 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்ற அளவுக்கு உயர்ந்திருந்த இறப்பு, ஜூன் மாதத்திற்குள் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. இடையில் மார்ச் மாதம் வந்த சுகாதாரக் குழு, மருத்துவமனைக்கு அடியில் ஓடிய சாக்கடைகளைச் சீர்செய்து காற்றோட்டத்திற்கு வழிசெய்தது பெருங்காரணம். போர் முடிந்து திரும்பிய நைட்டிங்கேல் இந்தக் கணக்குகளோடு ஆண்டுக்கணக்கில் போராடினார். வீரர்களில் பெரும்பாலோர் குண்டுக்காயத்தால் இறக்கவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தார்கள் என்பதை வட்ட வடிவ வரைபடமாக வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார். இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராக 1858-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். படுக்கையோரத்தில் கண்டதை எண்ணாக்கி, எண்ணை ஆதாரமாக்கி, ஆதாரத்தால் ஓர் அரசை அசைத்த பெண் அவர். பரிமேலழகரின் நான்காவது இலக்கணத்திற்கு அவர் வாழ்க்கையையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

மக்கள் திரட்டித் தந்த நிதியைக்கொண்டு 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப்பள்ளி தொடங்கியது. அதன் அமைப்பில் ஒரு புதுமை இருந்தது. நோயாளியின் சிகிச்சையில் செவிலியர் மருத்துவர் சொல்கேட்க வேண்டும். ஆனால் நியமனம், பயிற்சி, ஒழுங்கு, பணிப்பங்கீடு ஆகியவற்றில் அவர்கள் மேட்ரன் என்ற தலைமைச் செவிலியருக்கே பதில் சொல்ல வேண்டும். மருத்துவருக்கோ மருத்துவமனை நிர்வாகிக்கோ அல்ல. ஒரு பெரிய நிறுவனத்தில் பெண்கள் பெண்களால் ஆளப்படும் ஓர் இடம் இப்படி உருவாயிற்று. அங்கிருந்து சென்றவர்கள் பல நாடுகளில் தலைமைச் செவிலியர் ஆனார்கள். லூசி ஆஸ்பர்ன் 1868-இல் ஐந்து செவிலியருடன் சிட்னிக்குச் சென்று ஆஸ்திரேலியாவில் இம்முறையை நட்டார்.

ஆனால் நைட்டிங்கேலும் ஓர் எல்லையில் நின்றுவிட்டார். செவிலியருக்குப் பொதுத்தேர்வு வைத்து, தேறியவர் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். நல்ல செவிலியருக்கு வேண்டிய பண்பைத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் எத்தல் பெட்ஃபர்ட் ஃபென்விக். 24 வயதிலேயே புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரனான அவர், 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். 1899-இல் தோன்றிய பன்னாட்டுச் செவிலியர் மன்றத்தின் முதல் தலைவரும் அவரே. பண்பு வேண்டும்தான், ஆனால் யார் பயிற்சி பெற்றவர், யார் பெறாதவர் என்று மக்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். முப்பதாண்டுக் காலம் இந்த வழக்கு நடந்தது. இதற்கிடையில் நியூசிலாந்து 1901-இலேயே செவிலியர் பதிவுச் சட்டம் இயற்றிவிட்டது. பிரிட்டனில் 1919-இல்தான் சட்டம் வந்தது. பதிவேடு திறந்தபோது அதில் முதலாம் எண்ணைப் பெற்றவர் ஃபென்விக்.

அன்பையும் தூய்மையையும் முன்னிறுத்தியது நைட்டிங்கேலின் வாதம். அறிவைச் சான்றாக்கிக் காட்டக் கேட்டது ஃபென்விக்கின் வாதம். இருவருமே செவிலியர் உயர வேண்டும் என்று விரும்பியவர்கள்தான் என்பது இதை மேலும் கவனிக்க வைக்கிறது.

*

இந்த அலைகள் சென்னைக் கரைக்கு விரைவாகவே வந்து சேர்ந்தன. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஆனால் இங்கிருந்த படைகளின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையத்தின் 1863-ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. 1844-இல் சென்னையில் மகப்பேறு மருத்துவமனை தொடங்கியது. இன்றைய எழும்பூர் மகளிர் மருத்துவமனையின் தொடக்கம் அது. 1854-இல் மருத்துவச்சியருக்கான பயிற்சிப்பள்ளிக்கு அரசு இசைவு தந்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தோன்றியது. இந்தியச் செவிலியக் கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஆண்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1888-இல் கேத்தரின் கிரேஸ் லாக் என்பவர் தலைமையில் பயிற்சி பெற்ற ஆங்கிலேயச் செவிலியர் சிலர் பம்பாயில் வந்திறங்கி, இராணுவ மருத்துவமனைகளில் பணியேற்றனர்.

பள்ளிகள் திறந்துவிட்டன, படிக்க வருபவர் யார் என்பதே கேள்வி. முதல் பல பத்தாண்டுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர். உயர்சாதி இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் பெண்ணை அனுப்பத் தயங்கின. இரவுப்பணி, அந்நிய ஆண்களைத் தொடுதல், சாதி பார்க்காமல் எல்லோர் கழிவையும் அகற்றுதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து இத்தொழிலை ‘குடும்பப் பெண்களுக்கு ஆகாதது’ ஆக்கின. வறுமையாலோ கைம்மையாலோ வேறு வழியற்றுப் போனவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் தமக்கென்று ஒரு வருமானத்தையும் விடுதியில் ஓர் இடத்தையும், திருமணத்தைச் சாராத ஒரு வாழ்க்கையையும் பெற்றார்கள். தமிழ்ப் பெண்களின் சமூக வரலாற்றை எழுதுபவர்கள் ஆசிரியையைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றி எழுதவில்லை.

1905-இல் இலக்னோவில் செவிலியக் கண்காணிப்பாளர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். அதன் தொடர்ச்சியாக 1908-இல் இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் உருவானது. 1910 முதல் தமக்கென ஓர் இதழையும் நடத்தினர். சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. பிரிட்டனில் முப்பதாண்டு வழக்குக்குப் பின் கிடைத்த பதிவேடு, ஏழே ஆண்டுகளில் இங்கும் வந்துவிட்டது. இனிப் பயிற்சி பெறாத ஒருவர் பதிவுபெற்ற செவிலியர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. காகிதத்தில் எழுதப்பட்ட ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான். ஆனால் மருத்துவச்சியின் கைத்திறனுக்கு ஊர் ஒருபோதும் தராத ஒன்று அது.

*

வேலூரின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், ஆண் மருத்துவரை அனுமதிக்காத மூன்று வீடுகளில் மூன்று இளம்பெண்கள் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவராக முடிவெடுத்த செய்தி பலரும் அறிந்தது. அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி, 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். அவர் அடுத்துச் செய்ததைத்தான் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-இல். செவிலியர் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே, 1909-இல் தொடங்கிவிட்டது. மருத்துவர் ஒருவர் மட்டும் இருந்தால் மருத்துவமனை ஆகாது என்பது படுக்கைகளை நிரப்பிய அனுபவத்திலிருந்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1946 ஒரு திருப்புமுனை ஆண்டு. அவ்வாண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்திய மக்கள்நலத்தின் அடிப்படை ஆவணம். அதன் கணக்குப்படி நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் இருந்தார். 6,300 பேருக்கு ஒரு மருத்துவர். அதாவது மருத்துவரைவிடச் செவிலியர் ஏழு மடங்கு அரிதாக இருந்தார்கள். அதே காலத்தில் பிரிட்டனில் 300 பேருக்கு ஒரு செவிலியரும் 1,000 பேருக்கு ஒரு மருத்துவரும் இருந்ததாக அதே அறிக்கை ஒப்பிட்டது. அங்கே செவிலியர் எண்ணிக்கை மருத்துவர்களைவிட மிகுதி, இங்கே தலைகீழ். ஒரு சமூகம் எந்த வேலையை மதிக்கிறது, எதை மதிப்பதில்லை என்பதை இந்த இரண்டு விகிதங்கள் நேராகவே சொல்லிவிடுகின்றன.

அதே 1946-இல் இந்தியாவில் செவிலியத்தில் பட்டப்படிப்பு முதன்முதலாக இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று தில்லி, மற்றொன்று வேலூர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்ற செவிலியர் என்ற ஒருவர் தோன்றியது இதன்பின்தான். மருத்துவமனையின் வேலையாளாக இருந்துகொண்டே பயிற்சி பெறும் முறையில், வார்டுக்கு ஆள் தேவைப்பட்டால் வகுப்பு நின்றுவிடும். கல்லூரியில் மாணவி மாணவியாகவே இருப்பாள். உடலியலும் நுண்ணுயிரியலும் உளவியலும் படிப்பாள். காய்ச்சல் அளப்பதோடு நில்லாமல் அது ஏன் ஏறுகிறது என்று அறிவாள். அறிந்தவள் கேள்வி கேட்பாள். பட்டப்படிப்பை ஐயத்தோடு பார்த்தவர்கள் அஞ்சியதும் இதற்குத்தான்.

விடுதலைக்குப் பின் அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம். டி. கே. அட்ரன்வாலா நடுவண் அரசின் செவிலிய ஆலோசகராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். 1959-இல் தில்லியில் முதுநிலைப் படிப்பு. படைத்துறையிலிருந்து ஒரு செய்தியையும் சொல்லலாம். இந்தியப் படையில் மேஜர் ஜெனரல் நிலையை எட்டிய முதல் பெண் யார் என்று கேட்டால் பலர் மருத்துவர் ஒருவரின் பெயரையே எதிர்பார்ப்பார்கள். 1976-இல் அந்நிலையை அடைந்த கெர்ட்ரூட் அலைஸ் ராம், படைத்துறைச் செவிலியர் பணியின் இயக்குநர். அப்பணி செவிலியருக்கு அதிகாரி நிலையை முன்பே அளித்திருந்தது. அதனால் மேலே ஏறுவதற்குப் படிகள் இருந்தன. படிகள் இருந்த இடத்தில் ஒருவர் ஏறிக் காட்டினார் என்பதே இதன் பாடம்.

குடிமை மருத்துவமனைகளில் அத்தகைய படிகள் குறைவு. 1980-களின் இறுதியில் செவிலியர் பணிநிலையை ஆராய்ந்த உயர்நிலைக் குழுவுக்குத் தமிழகத்தின் சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன் தலைமை வகித்தார். முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் அவர். செவிலியரைச் செவிலியமல்லாத வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும், மாநிலங்களில் செவிலியத்துக்கு இயக்குநர் நிலையில் பதவி வேண்டும் என்பவை அக்குழு வலியுறுத்தியவற்றுள் அடங்கும். நைட்டிங்கேல் 1860-இல் அமைத்த ஏற்பாட்டின் மையக் கருத்தும் இதுதான். செவிலியரைச் செவிலியரே வழிநடத்த வேண்டும்.

*

தலைமை என்றவுடன் பதவியை மட்டும் எண்ணிவிடக் கூடாது. தமிழகத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று ஒருவர் இருக்கிறார். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் கொண்ட பரப்புக்கு ஒரு துணை நிலையம். அதன் பொறுப்பு அவருடையது. எந்தத் தெருவில் யார் எத்தனை மாதம், எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பது அவர் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டைத் திறக்காமலே சொல்லக்கூடியவர்களும் உண்டு. 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க அரசு ஏற்பாடு செய்தது. நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணைப் பரிசோதித்து, இங்கேயே பார்க்கலாமா மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று அந்த நொடியில் முடிவெடுப்பவர் செவிலியர். சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் அது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தகைய முடிவுகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்படி முடிவெடுப்பவருக்கு நாம் என்ன கொடுத்தோம்? தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் குழு அமைக்கச் சொன்னது. ஐம்பதுக்கும் குறைந்த படுக்கைகள் கொண்ட மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரையே தேவைப்பட்டது என்பதிலிருந்து அதுவரை கொடுக்கப்பட்டது என்னவென்று ஊகிக்கலாம். அரசுத் துறையிலும் நிலை வேறாக இல்லை. தமிழகத்தில் 2015-இல் தேர்வு எழுதித் தேறி, தொகுப்பூதியமாக 7,700 ரூபாய்க்குப் பணியமர்ந்த செவிலியர் ஆயிரக்கணக்கானோர், 2017 நவம்பரில் சென்னையின் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் அமர்ந்து போராடினர். அப்போது எழுந்த குரல்களில் ஒன்று பழகிய குரல்: சேவை செய்பவர்கள் போராடலாமா?

அந்தக் கேள்விக்குள்தான் முழு வரலாறும் ஒளிந்திருக்கிறது. செவிலியரைத் தெய்வம் என்கிறோம், தேவதை என்கிறோம், தாய் என்கிறோம். தெய்வத்திற்கு ஊதிய உயர்வு தேவையில்லை. தாய்க்குப் பணிநேரம் கிடையாது. தேவதை சங்கம் அமைப்பதில்லை. புகழ்ச்சி இங்கே ஊதியத்திற்கு மாற்றாகவும் அதிகாரத்திற்கு வேலியாகவும் பயன்பட்டிருக்கிறது. 2020-ஆம் ஆண்டை, நைட்டிங்கேலின் இருநூறாம் பிறந்த ஆண்டை ஒட்டி, உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. உலகில் 2 கோடியே 79 இலட்சம் செவிலியர் இருப்பதாகவும் இன்னும் 59 இலட்சம் பேர் தேவை என்றும் அவ்வாண்டின் அறிக்கை கணக்கிட்டது. அதே ஆண்டில் கொரோனா வந்தது. மார்ச் மாதத்தில் ஒரு மாலை நாடே கைதட்டியது. தொற்றுக்காலத்தில் தமிழகத்தில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பரோடு முடிந்தபோது, மாற்றுப்பணி அளிக்கப்படும் என்று அரசு சொல்ல வேண்டிவந்தது. கைதட்டலுக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே மூன்றாண்டுகள்கூட இல்லை.

மாற்றங்கள் நிகழாமல் இல்லை. தீவிர சிகிச்சையில் முதுநிலைப் பயிற்சி பெற்று, தம் எல்லைக்குள் தாமே முடிவெடுக்கும் செவிலியரை உருவாக்கும் படிப்பு 2010-களின் பிற்பகுதியில் இந்தியாவில் வந்தது. 2018-இல் நடுவண் அரசு மகப்பேற்றுச் செவிலியருக்கெனத் தனிப் பணிநிலையை வகுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. பழைய மருத்துவச்சியின் இடம், இம்முறை படிப்போடும் பதிவேட்டோடும் திரும்பி வருகிறது என்று அதைக் கொள்ளலாம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. சட்டங்கள் வாசலைத் திறக்கும். உள்ளே நுழைந்தவரை நாற்காலியில் அமரச் சொல்வது நிறுவனங்களின் பழக்கம். அதை எந்தச் சட்டமும் எழுத முடியாது.

அந்தப் பழக்கத்தை எங்கே பார்க்கலாம் என்றால், ஒரு மருத்துவமனையின் காலை வலத்தில் பார்க்கலாம். மருத்துவர் முன்னே வருகிறார். மாணவர்கள் சூழ்ந்து வருகிறார்கள். இரவு முழுவதும் நோயாளியின் மூச்சைக் கணக்கிட்ட செவிலியர், கோப்பைக் கையில் ஏந்திக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார். ‘இரவு எப்படி இருந்தார்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று மருத்துவர் அவரைப் பார்த்துக் கேட்கும் வார்டுகளும் இருக்கின்றன. கேட்காத வார்டுகளும் இருக்கின்றன. முதல் கேள்வி அன்றாடம் கேட்கப்படுவதுதான். இரண்டாவது கேள்வி கேட்கப்படும் இடத்தில் மட்டுமே பரிமேலழகர் சொன்ன நான்காவது இலக்கணம் நடைமுறையில் இருக்கிறது.